இரண்டு பேர் கனம்

ஆஷ்மோர், ஹெரிஃபர்ட்ஷயர்
12 செப்டம்பர் 1993

நெவில்,

நீ சிறைக்குப் போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு விஷயம் தெரிய வேண்டும், அதைச் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

நீயும் ரோலண்டும் கட்டிக்கொண்டிருந்த கார் நீங்கள் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே நிற்கிறது. முன்பக்கம் முடிந்திருக்கிறது. எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் ஒன்றுமில்லை, இரண்டு மர முட்டுகளின் மேல் சேஸி தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. கார்ப் பாகங்கள் இருந்த பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தில் பின் ஆக்சிலைத் தொங்கவிடும் பக்கத்துப் படம் வெறும் மையாய் அப்பியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

போலீஸ்காரர்கள் போன மாதம் ஆக்சிலைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கு முடிந்துவிட்டதாம், இனி அது சாட்சிப் பொருள் இல்லையாம். இரண்டு பேர் தூக்கி வந்து கேட்டருகே போட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான்தான் சாக்கை விரித்து அதன்மேல் உருட்டி, கராஜுக்குள் இழுத்து வந்தேன்.

ஆக்சிலையும் சேஸியையும் இணைக்க நான்கு இரும்புக் கைகள் இருக்கின்றன. இரண்டு ஸ்பிரிங். ஒரு குறுக்குக் கம்பி. எதை முதலில் மாட்ட வேண்டும்?

தெல்மா


20 செப்டம்பர் 1993

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் சாப்பாட்டு நேரம் வரை சட்டைக்குள் வைத்திருந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. திட்டியிருப்பாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

உன் கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன். எழுத முடியவில்லை. மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

அதை வைத்துக்கொள்ளாதே அக்கா. அந்த ஆக்சிலை. பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிப்போகச் சொல். காரையும் யாராவது கேட்டால் கொடுத்துவிடு, கேட்கவில்லை என்றால் அறுத்துப் போடச் சொல். கோர்ட்டில் அந்த நிபுணர் சொன்னதை நீயும் கேட்டாய்தானே. வேன் பள்ளத்தில் இறங்கியதும் பின்னால் கிடந்த அது முன்னால் சறுக்கி வந்து, ரோலண்டின் சீட்டை... நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். பின்னால் கூண்டில் நின்ற எனக்கு உன் பின்கழுத்துதான் தெரிந்தது. அது கொஞ்சமும் அசையவில்லை.

அதே இரும்பை நீ எப்படித் தொடுகிறாய்?

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

நெவில்


ஆஷ்மோர்
2 அக்டோபர் 1993

நெவில்,

நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. வழி கேட்டேன்.

எப்படித் தொடுகிறாய் என்று கேட்கிறாய். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் தொட்டேன். துருவும் பழைய கிரீஸும்தான் வந்தன. வேறெதுவும் வரவில்லை. முடித்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் டீ குடித்தேன். மாட்டு டாக்டரிடம் இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறவள் நான், கைக்கு அருவருப்பு போய்விட்டது.

இந்தக் காரை ரோலண்டின் நினைவாக முடிக்கிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே. பாதிரியார் அப்படித்தான் நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு இந்தக் காரைப் பிடிக்காது. என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்ற சாமான் அது. தேவாலயம் முடிந்து வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் கராஜுக்குள் போய்விடுவீர்கள். உள்ளே ஒரே சிரிப்பாக இருக்கும். நான் தட்டில் டீயை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினால் சிரிப்பு நின்றுவிடும். "அங்கயே வச்சிட்டுப் போ தெல்மா" என்பார் ரோலண்ட். நான் வைத்துவிட்டுப் போவேன். கதவு சாத்தியதும் மறுபடி சிரிப்பு.

கணவர் என்று ரோலண்ட், தம்பி என்று நீ, வேறு யாராவது எனக்கு இருந்தார்களா? நீங்கள் இரண்டு பேர்தான் எனக்கு இருந்தீர்கள். ஒரே நாளில் இரண்டு பேரும் போனீர்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் அப்படி என்னதான் இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான்.

கீழே இருக்கும் இரண்டு கைகளைச் சேஸியில் மாட்டிவிட்டேன். போல்ட்டுகள் கொஞ்சம் சிறியவையாகத் தோன்றுகின்றன, ஓட்டைக்குள் ஆடுகின்றன. இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் ஆக்சிலைத் தூக்கி வைக்கப் போகிறேன். நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

தெல்மா


10 அக்டோபர் 1993

அக்கா,

ஆடுகிற போல்ட்டை இறுக்காதே. கழற்று. அது முன்பக்கத்துக்கு வந்த போல்ட். பின்பக்கத்துக்குரியவை ஜன்னலுக்குக் கீழே பிஸ்கட் டப்பாவில் இருக்கும், ஒரு சைஸ் தடிமன். ஆடுகிற போல்ட்டோடு நீ ரோட்டில் இறங்கினால் முதல் வளைவிலேயே பின்சக்கரம் தன் வழியில் போய்விடும். இன்னொரு சாவுக்கு என்னால் முடியாது.

சரி. சொல்கிறேன். நீ நிறுத்த மாட்டாய் என்று தெரிந்துவிட்டது.

ஆக்சிலைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும். அது அடி வாங்கிய ஆக்சில். கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கலாம். வளைந்த ஆக்சிலை மாட்டினால் கார் நேராக ஓடாது, டயரைத் தின்னும், வேகத்தில் ஆளைக் கவிழ்க்கும்.

இரண்டு முனையிலும் சக்கரம் மாட்டுகிற வட்டத் தட்டு இருக்கிறதல்லவா? இரண்டிலும் ஒரே நீளமுள்ள நேரான கம்பி ஒவ்வொன்றைப் படுக்கை வாட்டில் குறுக்கே வைத்து, போல்ட் போட்டுக் கட்டு. இந்தப் பக்கத்துக் கம்பியின் முன்நுனியிலிருந்து அந்தப் பக்கத்துக் கம்பியின் முன்நுனி வரை அள. பிறகு பின்நுனிக்குப் பின்நுனி அள. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் கம்பிகளைச் செங்குத்தாகத் திருப்பி, மேல்நுனி, கீழ்நுனி. அதுவும் ஒன்றாக இருந்தால் ஆக்சில் நேராக இருக்கிறது என்று அர்த்தம். நூலளவு வித்தியாசம் இருந்தாலும் மாட்டாதே. சத்தியம் பண்ணு.

உள்ளதைச் சொன்னால், வளைந்திருக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன்.

கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் நட்டைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்போம்.

நெவில்


ஆஷ்மோர்
31 அக்டோபர் 1993

நெவில்,

தடித்த போல்ட்டுகள் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. மாற்றிவிட்டேன்.

ஆக்சிலை அளந்தேன். மறுபடி அளந்தேன். டாக்டரின் வீட்டிலிருந்து வேறொரு டேப் வாங்கி வந்து அதிலும் அளந்தேன். முன், பின், மேல், கீழ், எல்லாம் ஒன்றுதான். நேராக இருக்கிறது நெவில். ஒரு மனிதனின் முதுகில் மோதியிருக்கிறது, ஆனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடக்கம் செய்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஊரே பார்த்தது. ஆக்சிலை அளந்த அன்றைக்கு வந்தது. அது கொஞ்சமாவது வளைந்திருக்கலாம். ரோலண்டுக்கு அந்த மரியாதையைக்கூட அது கொடுக்கவில்லை.

இப்போது நான் கேட்பதற்கு நீ நேராகப் பதில் சொல்ல வேண்டும். கோர்ட்டில் போட்டோக்களைக் காட்டினார்கள். வேனுக்குள் ஆக்சிலைக் கட்டியிருந்த கயிற்றின் போட்டோவும் இருந்தது. ஒரு சுற்று, ஒரு முடிச்சு, நுனியைத் திருப்பிச் செருகியிருந்தது. வக்கீல் உன்னைக் கேட்டபோது "நான்தான் கட்டினேன்" என்றாய்.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கேட்டுக்கு அந்த முடிச்சுதான். நாய்க்கும் அதுதான், அதனால்தான் நாய் எப்போதும் தெருவில் நிற்கும். ரோலண்ட் எதையும் இரண்டாம் சுற்றுச் சுற்றிக் கட்டி நான் பார்த்ததில்லை. "போதும், போகலாம் வா" என்பார். நீ சின்ன வயதிலிருந்து ஷூ நாடாவையே இரண்டு முடிச்சுப் போடுகிறவன்.

கயிற்றைக் கட்டியது யார்?

தெல்மா


9 நவம்பர் 1993

அக்கா,

வேனை ஓட்டியது நான். குடித்திருந்தது நான். லட்லோவில் ஆக்சிலை ஏற்றிக்கொண்டு வரும்போது, வழியில் அந்த மதுக்கடையில் நிறுத்தலாம் என்று சொன்னதும் நான். வேலிக் கதவிலிருந்து டிராக்டர் வெளியே வந்ததை ரோலண்ட்தான் முதலில் பார்த்துக் கத்தினார். குடிக்காமல் இருந்திருந்தால் நான் பார்த்திருப்பேன், பிரேக்கில் கால் வைத்திருப்பேன், கயிற்றுக்கு வேலையே வந்திருக்காது.

வண்டியில் என்ன கட்டியிருக்கிறது, எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டியவன் ஓட்டுகிறவன்.

கயிற்றைப் பற்றி இனிமேல் கேட்காதே. கேட்டாலும் இதே பதில்தான் எழுதுவேன்.

நெவில்


ஆஷ்மோர்
30 ஜனவரி 1994

நெவில்,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டை வந்தது. நான் அனுப்பவில்லை. உன்மேல் கோபம் இல்லை. ரோலண்டின் மேல் கோபமாக இருந்தேன். செத்தவர்மேல் கோபப்படுவது எத்தனை கஷ்டம் தெரியுமா? திட்டினால் திரும்பத் திட்ட மாட்டார்கள். அலமாரியில் அவருடைய கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் கத்தினேன். "ரெண்டு சுத்து சுத்தியிருந்தா கை ஒடிஞ்சா போயிருக்கும்?" என்று கேட்டேன். பிறகு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்தேன். குளிர் அப்படி.

நீ பதில் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது. நீ அவரைக் காட்டிக்கொடுக்காததற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா, என்னிடம் மறைத்ததற்குத் திட்ட வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் கராஜுக்குப் போனேன்.

லெம்ஸ்டரில் மாலை நேரத்து வெல்டிங் வகுப்பில் சேர்ந்தேன். நான் ஒருத்திதான் பெண். முதல் வாரம் நான் ஒட்டியதைப் பார்த்து வாத்தியார், "என்னம்மா, புறா வந்து எச்சம் போட்டுட்டுப் போச்சா?" என்றார். இப்போது பரவாயில்லை. குறுக்குக் கம்பியைப் பிடிக்கிற கொக்கியை நானே ஆக்சிலில் ஒட்டினேன். கொஞ்சம் ஒட்டி, ஆறவிட்டு, மறுபக்கம் கொஞ்சம் ஒட்டினேன். சூட்டில் ஆக்சில் வளைந்துவிடும் என்று வாத்தியார் பயமுறுத்தியிருந்தார். முடித்ததும் உன் முறைப்படி மறுபடி அளந்தேன். நேராக இருக்கிறது.

ஆக்சிலைத் தூக்கியதுதான் பெரும்பாடு. ஒரு முனையை ஜாக்கியில் ஏற்றினால் மறு முனை இறங்கும். ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் போல்ட்டைத் தள்ளி, நட்டை வாயில் கவ்விக்கொண்டிருந்தேன். மூன்றாவது கை ஒன்று வேண்டியிருந்தது. அப்போதுதான் கதவுக்குப் பின்னால் உங்களிடம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் திருகுவார். அவ்வளவுதான். அதற்குப் போய் நான் எத்தனை வருஷம் பொறாமைப்பட்டேன்.

நான்கு கைகளையும் மாட்டி, ஸ்பிரிங்குகளைப் போட்டு, எல்லா போல்ட்டையும் என் பலம் கொண்டமட்டும் இறுக்கினேன். சக்கரத்தை மாட்டிக் கீழே இறக்கினால் கார் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சிலிர்த்த பூனை மாதிரி. மேலே ஏறிக் குதித்தாலும் இறங்கவில்லை. இடது சக்கரம் உள்ளே போயிருக்கிறது, வலது வெளியே துருத்துகிறது. என்ன தப்புப் பண்ணினேன்?

தெல்மா


8 பிப்ரவரி 1994

அக்கா,

நீ பெரிய தப்பு எதுவும் பண்ணவில்லை. எல்லாரும் முதல் தடவை இதைத்தான் செய்வார்கள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அறையில் கூட இருப்பவன், "என்னடா, விடுதலையா?" என்றான். பூனை என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

சொல்கிறேன் கேள். ஒவ்வொரு கையின் முனையிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. ரப்பருக்கு நடுவில் சின்ன இரும்புக் குழல். போல்ட்டை இறுக்கினதும் குழல் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கும். நீ சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே இறுக்கிவிட்டாய். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிட்டது. இப்போது காரை இறக்கினால் கனத்தை வாங்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கிறது. இப்படியே ஓட்டினால் சீக்கிரம் கிழிந்துபோகும்.

எல்லா போல்ட்டையும் தளர்த்து. கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். சக்கரங்கள் தரையில் நிற்கட்டும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரத்தில் தடித்த பலகைகளை வை, நீ அடியில் படுக்க இடம் கிடைக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதே. பிறகு காருக்குள் இரண்டு பேர் கனத்தை ஏற்று. மணல் மூட்டையோ, ஆளோ, எதுவானாலும் சரி. காரின் பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விடு. அது தன் இடத்தைத் தேடிக்கொண்டு அமரும். அந்தக் கனம் மேலே இருக்கும்போதே இறுக்கு.

சக்கரம் உள்ளே வெளியே போவது குறுக்குக் கம்பியின் வேலை. அதன் நீளத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு சக்கரமும் சேஸியிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும்வரை திருகு. கடைசியில் நட்டைப் பூட்ட மறக்காதே.

படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கடிதங்களைப் பார்க்கிற அதிகாரி ட்ரான்ட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, சுவரேறுற ஏணியா?" என்றார். "எங்கக்கா காருக்குப் பின்பக்கம் சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். என் வழக்கு அவருக்குத் தெரியும். பிறகு முத்திரை குத்திவிட்டார்.

கோட்டோடு சண்டை போட்டதை எழுதியிருந்தாய். நான் தினமும் போடுகிறேன். ஆனால் என்னிடம் கோட்டுகூட இல்லை.

நெவில்


ஆஷ்மோர்
13 மார்ச் 1994

நெவில்,

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் தளர்த்தி, பலகைகளை வைத்து, ஓட்டுகிற சீட்டில் மாட்டுத் தீவன மூட்டைகளை ஏற்றினேன். டாக்டரிடமிருந்து கேட்டு வாங்கியவை. பக்கத்துச் சீட்டுக்கு மூட்டை போதவில்லை. என்ன செய்யலாம் என்று காருக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசித்தபோது, வாசலில் கறுப்பு ஷூ இரண்டு வந்து நின்றன. ரோலண்டின் அம்மா. தேவாலயத்திலிருந்து நேராக வந்திருக்கிறார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவர் இந்தக் கராஜின் பக்கம் வந்து ஒன்றரை வருஷம் இருக்கும்.

"அடியில யாரு?"

"நான்தான் அத்தை."

"ஊர்ல பேசிக்கிறாங்க. நான் நம்பல. இதுதானா அது?"

எதைக் கேட்கிறார் என்று தெரிந்துதான் பதில் சொன்னேன். "இதுதான்."

"எம் புள்ளைய அடிச்ச இரும்பு. அத கழுவிக் குளிப்பாட்டி இதுல மாட்டிட்டு, அதுக்கு மேல உக்காந்து நீ ஊர் சுத்தப் போற."

"ஆமா அத்தை."

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா தெல்மா?"

நான் வெளியே வந்தேன். முகமெல்லாம் கிரீஸ். உனக்கு எழுதியதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? வாயில் வந்தது இதுதான்:

"அத்தை, உங்க எடை என்ன?"

"என்னது?"

"ரெண்டு பேர் உக்காந்த கனம் வேணும். அப்பதான் இறுக்கணும். ஒரு பக்கம் மூட்டை வச்சாச்சு. இந்தப் பக்கத்துக்கு ஆள் இல்ல."

"என்னப் பாத்தா உனக்குத் தீவன மூட்டை மாதிரி இருக்கா?"

"இல்ல அத்தை. மூட்டை இவ்ளோ பேசாது."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கதவு எங்க?" என்றார். கதவு கிடையாது, பக்கவாட்டில் காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும் என்றேன். "நம்ம ரெண்டு குடும்பத்துலயும் ஒருத்தருக்கும் புத்தி கெடையாது" என்று சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்து ஏறினார். பாவாடை கியர்க் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, பஸ்ஸில் உட்கார்வது போல நேராக உட்கார்ந்தார்.

நான் பின்பக்கத்தை அமுக்கிவிட்டேன். அவர் மேலும் கீழும் போய்வந்தார். கார் இந்தத் தடவை பேசாமல் இறங்கி அமர்ந்தது.

நான் அடியில் போய்ப் படுத்தேன். முதல் போல்ட்டை இறுக்கும்போது மேலேயிருந்து கேட்டார்: "அவன் எந்தப் பக்கம் உக்காந்திருப்பான்?"

"மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்னு இருந்தாங்க அத்தை."

நான் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வந்தேன். பாதியில் ஸ்பிரிங்குகள் நடுங்கத் தொடங்கின. ஏதோ தளர்ந்துவிட்டது என்று நினைத்து ஆக்சிலில் கையை வைத்தேன். அதுவும் நடுங்கியது. அப்புறம்தான் புரிந்தது. சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை சீட்டு வழியாக, சேஸி வழியாக, ஸ்பிரிங் வழியாக என் கைக்கு வந்துகொண்டிருந்தது.

ஆக்சிலிலிருந்து கையை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

வெகுநேரம் கழித்து, "முடிஞ்சுதா?" என்றார்.

முடிந்திருந்தது. "இன்னும் ஒண்ணு இருக்கு அத்தை" என்றேன். அவர் மேலே, நான் கீழே, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தோம்.

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ நெவிலுக்கு எழுதுறன்னு எனக்குத் தெரியும். தபால்காரன் சொல்லிட்டான். எழுது. அது உன் தம்பி. ஆனா அவன் என் கண்ணுல படக் கூடாது. நான் இருக்கற வரைக்கும் இந்த ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாது. அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

தெல்மா


27 மார்ச் 1994

அக்கா,

அத்தை கேட்டால், அவருடைய வார்த்தையைக் காப்பாற்றுவேன் என்று சொல்லிவிடு. அவர் எதுவும் கேட்கவில்லை என்றால் நீயாகச் சொல்ல வேண்டாம்.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பவன் இதை அனுப்பினால்தான் வெளியே இருப்பவர் பார்க்க வர முடியும். மாதாமாதம் எனக்குக் கொடுத்தார்கள். யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்தேன். உன் பின்கழுத்தைப் பார்த்த பிறகு உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

வராவிட்டாலும் பரவாயில்லை. சீட்டு மட்டும் உன்னிடம் இருக்கட்டும்.

நெவில்


ஆஷ்மோர்
24 ஏப்ரல் 1994

நெவில்,

நேற்று உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நீ மெலிந்திருந்ததுதான் கண்முன் நிற்கிறது. நீ மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாய். நானும் பக்கத்து மேஜைக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். எழுதும்போது வருவதில் கால்வாசிகூட வாயில் வரவில்லை. மணி அடித்ததும் நீ, "குறுக்குக் கம்பி நட்டைப் பூட்டினியா?" என்று கேட்டாய். அத்தனை பேர் நடுவில் "பூட்டிட்டேன்டா" என்று கத்தினேன். பஸ்ஸில் வரும்போது அது ஒன்றுதான் நாம் உண்மையாகப் பேசியது என்று தோன்றியது.

அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஜூனில் உன்னை விடுகிறார்கள் என்றாய். சிறை வாசலில் நான் நிற்க மாட்டேன். என் வீட்டில் உனக்கு அறை இல்லை. அத்தை சொன்னதற்காக மட்டும் இல்லை, எனக்கும் முடியாது. காலையில் எழுந்து சமையலறையில் உன்னைப் பார்த்தால், பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதும் சேர்ந்து தெரியும். உன்னை வெறுக்காமல் இருக்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் இருந்தால்தான் எனக்கு அது வருகிறது.

வேறெங்காவது இருந்துகொள். இடம் கிடைத்ததும் எழுது. நான் வருகிறேன். நீ வராதே.

சாலையில் ஓட்டத் தகுதியா என்று பார்க்கும் சோதனையில் கார் தேறிவிட்டது. சோதித்தவர் அடியில் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பின்பக்கம் யார் மாட்டினது?" என்றார். நான்தான் என்றேன். "நல்லா உக்காந்திருக்கு" என்றார். கிங்டன் சாலையில் தனியாக ஓட்டினேன். காற்று முகத்தில் அறைந்தது. முதல் வளைவில் பயந்து ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். இரண்டாவது வளைவில் பின்பக்கம் என் இடுப்போடு சேர்ந்து திரும்பியது. வீட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

தெல்மா


வூஸ்டர்
3 ஜூலை 1994

அக்கா,

ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே அறை கிடைத்திருக்கிறது. கடையிலேயே வேலை. விடியும் முன்பே மாவு பிசைய இறங்க வேண்டும். கடைக்காரர் போர்த்துகீசியர், ஃபெலிஸ்பெர்ட்டோ என்று பெயர். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "வண்டி ஓட்டுற வேலை எதுவும் இங்க இல்ல, மாவுதான் இருக்கு" என்றார்.

தெருப் பெயரும் எண்ணும் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

லெம்ஸ்டரிலிருந்து நேராக ரயில் இல்லை, ஹெரிஃபர்டில் மாற வேண்டும். ஞாயிறு மதியம் கடை கிடையாது. நீ வருவதானால் ரயிலில் வா. காரில் வராதே என்று கேட்டுக்கொள்கிறேன். அதைப் பார்க்க நான் தயாராக இல்லை. படத்தில் வரைந்தது வேறு, பார்ப்பது வேறு. சாலையில் வேன் போனாலே நான் கடைக்குள் போய்விடுகிறேன். வெளியே வந்த பிறகு எந்தக் காரிலும் வேனிலும் நான் ஏறவில்லை, சிறையிலிருந்து இங்கே வந்ததுகூட ரயிலில்தான்.

உனக்காக ரொட்டி ஒன்று எடுத்து வைக்கிறேன். நானே பிசைந்தது.

நெவில்


ஆஷ்மோர்
11 ஜூலை 1994

நெவில்,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காரில்தான் வருகிறேன். உன்னை வதைப்பதற்காக இல்லை, ஒரு காரியம் இருக்கிறது.

போன வாரத்திலிருந்து பின்பக்கத்தில் டொக் என்று ஒரு சத்தம். மேடு பள்ளத்தில் மட்டும் கேட்கிறது, சமதரையில் இல்லை. எல்லா போல்ட்டையும் பார்த்துவிட்டேன், இறுக்கமாகத்தான் இருக்கின்றன. வெல்டிங் வாத்தியாரும் அடியில் படுத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை என்கிறார். நிறுத்தி வைத்து ஆட்டினால் சத்தம் வருவதில்லை. ஓடும்போதுதான் வருகிறது. ஓட்டிக்கொண்டே திரும்பிக் காது கொடுக்க என்னால் முடியாது.

அத்தை வந்து உட்கார்கிறேன் என்றார். அவருக்குக் காது மந்தம்.

மெதுவாகத்தான் ஓட்டுவேன். தெருக்கோடி வரை போய்த் திரும்பலாம், அதற்கு மேல் வேண்டாம். நீ பேச வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, காது திறந்திருந்தால் போதும். சத்தம் இடது பக்கத்தில், பக்கத்துச் சீட்டுக்குப் பின்னால்தான் கேட்கிறது. அங்கே உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

அக்கா